போனில் விடை இருக்கிறது, பையனிடம் இருக்கிறதா?

வாசகர் கேள்வி – பதில்

இந்த முறை வந்த கடிதங்களில் பாதிக்கு மேல் செல்போனையும் ஏ.ஐ.யையும் பற்றித்தான். அதனால் சமையல், சொத்து, மாமியார் கேள்விகளை எல்லாம் அடுத்த இதழுக்குத் தள்ளிவைத்துவிட்டு இதை மட்டும் எடுத்துக்கொள்கிறேன். நான் பல வருடம் பள்ளியில் கணக்கு எடுத்தவள். அந்தப் பழக்கம் பதிலிலும் வரும், பொறுத்துக்கொள்ளுங்கள்.

என் மகன் பத்தாம் வகுப்பு. வீட்டுப்பாடக் கணக்குகளை போட்டோ எடுத்து ஏ.ஐ.யிடம் கொடுத்து, வருவதை நோட்டில் எழுதி, பத்து நிமிடத்தில் முடித்துவிடுகிறான். கேட்டால் “புரிஞ்சுதாம்மா எழுதறேன்” என்கிறான். போனைப் பிடுங்கி வைத்துவிடலாமா?
– ஓர் அம்மா, திண்டுக்கல்

பிடுங்க வேண்டாம். ஆனால் அவன் சொல்வதை அப்படியே நம்பவும் வேண்டாம். அவன் பொய் சொல்கிறான் என்று நான் சொல்லவில்லை. தனக்குப் புரியவில்லை என்பது அவனுக்கே தெரியாமல் இருக்கலாம்.

எங்கள் பக்கத்து வீட்டுப் பையனும் பத்தாம் வகுப்புதான். போன மாதம் ஒரு ஞாயிற்றுக்கிழமை முக்கோணவியல் நோட்டைக் கொண்டுவந்து காட்டினான். ஏற்றக்கோணக் கணக்கு பத்தும் போட்டிருந்தான், ஒன்றுகூடத் தப்பில்லை, படிகள் எல்லாம் பாடநூலில் அச்சடித்த மாதிரி இருந்தன. முதல் கணக்கு, ஒரு கோபுரத்தின் அடியிலிருந்து 30 மீட்டர் தள்ளி நின்று பார்த்தால் உச்சியின் ஏற்றக்கோணம் 30 டிகிரி, கோபுரத்தின் உயரம் என்ன என்பது. நான் அந்த 30 மீட்டரை மட்டும் 45 ஆக்கி, அவன் போனை என் பக்கம் வைத்துக்கொண்டு, போடு என்றேன். ‘சைன் 30’ என்று எழுதினான், அழித்தான். ‘காஸ் 30’ என்று எழுதினான், அதையும் அழித்தான். சரி, படம் போடு என்றேன். முக்கோணம் வந்தது, ஆனால் 45-ஐ எந்தப் பக்கத்தில் எழுதுவது என்று தெரியாமல் பென்சில் அங்கேயே நின்றுவிட்டது. காது இரண்டும் சிவந்துபோயிற்று. “ஆன்ட்டி, நேத்து எனக்கு இது நிஜமா புரிஞ்சுது” என்றான்.

புரிந்திருக்கும். இன்னொருவர் போட்டு முடித்த கணக்கை வரிவரியாகப் படித்தால் யாருக்கும் புரிந்த மாதிரித்தான் இருக்கும். மொட்டை மாடிக்குக் கூட்டிக்கொண்டு போய், எதிர்த் தெருத் தண்ணீர்த் தொட்டியைக் காட்டி, இதில் தரை எது, உயரம் எது, உன் கண்ணிலிருந்து தொட்டி உச்சிக்குப் போகிற கோடு எது என்று கேட்டேன். பத்து நிமிடம் திண்டாடினான். அப்புறம் கீழே வந்து, டேன் 30 என்று தானாகவே எழுதி, 15 ரூட் 3 மீட்டர் என்று முடித்தான். அந்தப் பத்து நிமிடத் திண்டாட்டம் இருக்கிறதே, அதுதான் படிப்பு. அதைத்தான் போன் அவனிடமிருந்து எடுத்துக்கொண்டிருந்தது.

இது என் வீட்டுப் பக்கத்துக் கதை மட்டும் என்று நினைத்துவிடாதீர்கள். துருக்கியில் உயர்நிலைப் பள்ளி மாணவர்கள் கிட்டத்தட்ட ஆயிரம் பேரை வைத்துக் கணக்குப் பாடத்திலேயே இதைச் சோதித்துப் பார்த்திருக்கிறார்கள். ஒரு குழுவுக்குக் கேட்டதும் விடை சொல்லும் ஏ.ஐ., இன்னொரு குழுவுக்கு விடை சொல்லாமல் குறிப்பு மட்டும் கொடுக்கும் ஏ.ஐ., மூன்றாவது குழுவுக்குப் பாடநூலும் நோட்டும் மட்டும். பயிற்சி நேரத்தில் முதல் குழு, ஏ.ஐ. இல்லாதவர்களைவிட 48 சதவீதம் நன்றாகச் செய்தது, இரண்டாவது குழு 127 சதவீதம். பிறகு எல்லோரிடமும் ஏ.ஐ.யை வாங்கி வைத்துவிட்டுத் தேர்வு வைத்தார்கள். விடை வாங்கிப் பழகிய முதல் குழு, ஏ.ஐ.யைத் தொடாத பிள்ளைகளைவிட 17 சதவீதம் குறைவாக எடுத்தது. குறிப்பு மட்டும் வாங்கிய குழுவுக்கு அந்த இழப்பு இல்லை. இதில் எனக்குத் தூக்கம் கெட்ட இடம் வேறு. மதிப்பெண் குறைந்த பிள்ளைகள், தாங்கள் குறைவாகச் செய்திருக்கிறோம் என்றே உணரவில்லையாம்.

அதனால் வீட்டில் இப்படிச் செய்து பாருங்கள். முதல் இருபது நிமிடம் போன் உங்களிடம் இருக்கட்டும், அவன் தப்பும் தவறுமாகப் போட்டுப் பார்க்கட்டும். அதற்குப் பிறகு போனைக் கொடுங்கள், ஆனால் முதல் வரியாக இதைத் தட்டச் சொல்லுங்கள்: “நான் பத்தாம் வகுப்பு மாணவன். எனக்கு விடை சொல்லாதே. நான் போட்டதைப் பார்த்து, எந்தப் படியில் தவறினேன் என்பதைக் கேள்வியாக மட்டும் கேள்.” அதே ஏ.ஐ.தான், ஆனால் இப்போது வேறு விதமாக நடந்துகொள்ளும். வாரத்துக்கு ஒரு நாள் அவன் போட்ட ஒரு கணக்கில் ஓர் எண்ணை மட்டும் மாற்றி, உங்கள் எதிரில் போடச் சொல்லுங்கள். உங்களுக்குக் கணக்கு தெரிய வேண்டியதில்லை. பென்சில் நகர்கிறதா நிற்கிறதா என்று பார்த்தாலே போதும்.

கட்டுரை எழுதி வரச் சொன்னால் நாற்பது பேரும் ஏ.ஐ. எழுதியதைக் கொண்டுவருகிறார்கள். கண்டுபிடிக்க நல்ல மென்பொருள் ஏதாவது சொல்லுங்கள்.
– அரசு மேல்நிலைப் பள்ளி ஆசிரியர், சிவகங்கை மாவட்டம்

சார், அப்படி நம்பக்கூடியது எதுவும் இல்லை. சாட்ஜிபிடியை உருவாக்கிய ஓப்பன் ஏ.ஐ. நிறுவனமே 2023 ஜனவரியில் ஒரு கண்டுபிடிப்புக் கருவியை வெளியிட்டது. ஏ.ஐ. எழுதியதில் 26 சதவீதத்தைத்தான் அது சரியாகப் பிடித்தது. மனிதர் கைப்பட எழுதியதில் 9 சதவீதத்தை ஏ.ஐ. எழுதியது என்று தவறாகச் சொன்னது. அதே வருடம் ஜூலையில் துல்லியம் போதவில்லை என்று அவர்களே எடுத்துவிட்டார்கள். ஸ்டான்ஃபோர்டு பல்கலைக்கழகத்து ஆய்வாளர்கள் இப்படிப்பட்ட ஏழு கருவிகளைச் சோதித்தபோது, ஆங்கிலம் தாய்மொழியாக இல்லாதவர்கள் தேர்வில் சொந்தமாக எழுதிய ஆங்கிலக் கட்டுரைகளில் பாதிக்கு மேல் ஏ.ஐ. எழுதியது என்று முத்திரை குத்தப்பட்டதாம். எளிய சொற்களில், சின்னச் சின்ன வாக்கியமாக எழுதினால் கருவிக்குச் சந்தேகம் வந்துவிடுகிறது. நம் பிள்ளைகள் ஆங்கிலம் எழுதுவது அப்படித்தானே? கஷ்டப்பட்டு எழுதிய ஒரு பிள்ளையை எல்லார் முன்னாலும் திருடன் என்று சொல்லிவிட்டால், அது அப்புறம் பேனாவையே தொடாது. அந்தப் பாவம் நமக்கு வேண்டாம்.

கேள்வியை மாற்றுங்கள். “நீரின் இன்றியமையாமை” என்று கொடுத்தால் ஏ.ஐ. இரண்டு விநாடியில் இரண்டு பக்கம் எழுதும். “உங்கள் ஊர்க் கண்மாய்க்கு எத்தனை மடை, எது அடைத்துக் கிடக்கிறது, கடைசியாக எப்போது மறுகால் போனது, நீர்ப்பாய்ச்சியாக இருந்தவர் யார், இப்போது யார் மடை திறக்கிறார்கள், ஊரில் மூன்று பெரியவர்களைக் கேட்டு எழுது” என்று கொடுங்கள். அதற்குப் பதில் எந்தக் கணினியிலும் இல்லை, தாத்தாக்களிடம்தான் இருக்கிறது. எழுதி வந்த பிறகு ஆளுக்கு இரண்டு நிமிடம் நிற்கவைத்து, அந்தத் தாத்தா எதற்குக் கோபப்பட்டார், ஏன் இந்த வரியை எழுதினாய் என்று கேளுங்கள். நாற்பது பேரையும் ஒரே நாளில் கேட்க முடியாது, தெரியும். வாரம் எட்டுப் பேர் என்று வைத்துக்கொண்டால் ஐந்து வாரத்தில் வகுப்பு முடிந்துவிடும்.

தடை போடலாமா என்று சில பள்ளிகளில் பேச்சு இருப்பதாகவும் எழுதியிருந்தீர்கள். நியூயார்க் நகரப் பள்ளிகள் 2023 ஜனவரியில் தடை போட்டுப் பார்த்தன, மே மாதம் எடுத்துவிட்டன.

ஒரு புத்தகத்தின் பெயரும் பக்க எண்ணும் கேட்டேன். ஏ.ஐ. சொன்ன புத்தகம் உலகத்திலேயே இல்லை. ஏன் இப்படிக் கூசாமல் பொய் சொல்கிறது?
– பாலிடெக்னிக் மாணவர், சேலம்

பொய் சொல்ல வேண்டுமானால் முதலில் உண்மை எது என்று தெரிந்திருக்க வேண்டும், தம்பி. இது இயங்குகிற விதம் வேறு. கோடிக்கணக்கான பக்கங்களைப் படிக்கவைத்து, இந்தச் சொல்லுக்குப் பிறகு எந்தச் சொல் வர வாய்ப்பு அதிகம் என்று கணிக்கப் பழக்கியிருக்கிறார்கள். இன்றைக்கு நாம் பார்க்கும் உரையாடும் ஏ.ஐ.களுக்கு அடிப்படையான ‘டிரான்ஸ்ஃபார்மர்’ அமைப்பை 2017-ல் கூகுள் ஆய்வாளர்கள் எட்டுப் பேர் எழுதிய கட்டுரைதான் முன்வைத்தது. 2022 நவம்பர் 30-ல் சாட்ஜிபிடி வெளிவந்த பிறகு அது எல்லார் கைக்கும் வந்தது. நீங்கள் புத்தகப் பெயர் கேட்டால், புத்தகப் பெயர் எப்படி இருக்குமோ அப்படி ஒன்றைக் கட்டிக் கொடுக்கும். அதன் வாக்கியத்தில் தயக்கமே இருக்காது. மனிதர்களிடம் தயங்காமல் பேசுகிறவரை விஷயம் தெரிந்தவர் என்று நம்பிப் பழகியிருக்கிறோம், அதே பழக்கத்தில் இதையும் நம்பிவிடுகிறோம்.

2023-ல் நியூயார்க்கில் இரண்டு வக்கீல்கள், ஒரு விமான நிறுவனத்துக்கு எதிரான வழக்கில் ஏ.ஐ. சொன்ன முன்தீர்ப்புகளை அப்படியே மனுவில் சேர்த்துக் கோர்ட்டில் கொடுத்துவிட்டார்கள். அப்படி ஒரு வழக்கும் நடந்ததில்லை, தீர்ப்பும் இல்லை. 5,000 டாலர் அபராதம். இத்தனைக்கும் “இந்தத் தீர்ப்புகள் உண்மையானவையா?” என்று அதே ஏ.ஐ.யிடம் திருப்பிக் கேட்டிருக்கிறார்கள், அதுவும் ஆமாம் என்றிருக்கிறது. எனவே சரிபார்ப்பதை அதனிடமே செய்யாதீர்கள். பெயர், ஆண்டு, எண், பக்கம், மருந்தின் அளவு, சட்டப் பிரிவு, இந்த ஆறும் வந்தால் வெளியே போய்ப் பார்த்துவிட வேண்டும். இப்போது சில ஏ.ஐ.கள் இணையத்தில் தேடி இணைப்பும் கொடுக்கின்றன. நல்லதுதான், ஆனால் இணைப்பைத் திறந்து, அது சொன்னது அந்தப் பக்கத்தில் இருக்கிறதா என்று நம் கண்ணால் பார்க்க வேண்டும்.

மூன்று வயதுக் குழந்தை. போன் காட்டினால்தான் சாப்பிடுகிறாள். தவறா?
– ஓர் அப்பா, தாம்பரம்

விட்டுவிடப் பாருங்கள். உலக சுகாதார நிறுவனம் 2019-ல் சொன்னது, இரண்டு வயது ஆகும் வரை திரையே வேண்டாம், இரண்டிலிருந்து நான்கு வயது வரை ஒரு நாளைக்கு மொத்தமே ஒரு மணி நேரத்துக்கு மேல் போகக்கூடாது, அதற்கும் குறைவாக இருந்தால் நல்லது என்று. மூன்று வேளைச் சாப்பாட்டிலேயே அந்த ஒரு மணி நேரம் போய்விடும். நான்கைந்து நாள் அழுவாள், தட்டைத் தள்ளுவாள், பசித்தால் சாப்பிடுவாள். அந்த நான்கைந்து நாளும் நீங்களும் சாப்பாட்டு நேரத்தில் போனை எடுக்கக்கூடாது. அதுதான் கஷ்டமான பகுதி.

பிளஸ் டூ படிக்கிறேன். கம்ப்யூட்டர் சயின்ஸ் எடுக்க ஆசை. ஆனால் சித்தப்பா, “கோடிங் எல்லாம் இனிமே ஏ.ஐ.யே எழுதிடும், உனக்கு வேலை கிடைக்காது” என்கிறார். பயமாக இருக்கிறது.
– மாணவி, திருநெல்வேலி

சித்தப்பாவின் பயத்துக்குக் காரணம் இருக்கிறது. 2025 ஜூலையில் டி.சி.எஸ். என்ற பெரிய மென்பொருள் நிறுவனம் தன் ஊழியர்களில் சுமார் 2 சதவீதம், 12,000 பேருக்கு மேல், குறைக்கப்போவதாக அறிவித்தபோது நம் ஊரில் எத்தனையோ வீடுகளில் சாப்பாடு இறங்கவில்லை. ஏ.ஐ. காரணமில்லை, திறன் பொருந்தாததுதான் காரணம் என்று நிறுவனத் தலைவர் சொன்னார். எப்படியானாலும் ஒன்று தெரிகிறது. கொடுத்த வேலையைக் கொடுத்தபடி தட்டிக் கொடுப்பதற்கு இருந்த மதிப்பு குறைந்து வருகிறது. புதிதாக வேலைக்குச் சேருகிறவர்கள் கற்றுக்கொண்டதே அந்த எளிய வேலைகளில்தான் என்பதால், வாசற்படி கொஞ்சம் உயர்ந்துவிட்டது. இதை உன்னிடம் மறைப்பது சரியில்லை.

ஆனால் இன்னொன்றையும் கேள். ஜெஃப்ரி ஹின்டன் என்ற அறிஞர் இருக்கிறார், இன்றைய ஏ.ஐ.க்கு அடித்தளம் போட்டவர்களில் ஒருவர், 2024-ல் இயற்பியல் நோபல் பரிசு ஜான் ஹாப்ஃபீல்டுக்கும் இவருக்கும்தான் கிடைத்தது. அவர் 2016-ல், எக்ஸ்ரே, ஸ்கேன் படம் பார்த்துச் சொல்லும் டாக்டர்களை இனிமேல் பயிற்றுவிப்பதை நிறுத்திவிடலாம், ஐந்து வருடத்தில் இயந்திரம் அவர்களைவிட நன்றாகச் செய்துவிடும் என்று சொன்னார். ஐந்து வருடமும் போய்விட்டது, அதற்கு மேலும் போய்விட்டது, ஸ்கேன் டாக்டர்களுக்கு இன்னமும் பற்றாக்குறைதான். இயந்திரம் படம் பார்க்க உதவுகிறது. ஆனால் படம் பார்ப்பது மட்டுமே அந்த டாக்டரின் வேலையாக இருக்கவில்லை. அவ்வளவு பெரிய மனிதருக்கே கணிப்பு தவறியிருக்கும்போது, சித்தப்பா சொல்வதை வைத்து நீ பாடத்தை மாற்றாதே.

ஆசை இருந்தால் எடு. எடுத்துவிட்டு முதல் இரண்டு வருடமாவது நிரலை நீயே எழுது, நீயே பிழை தேடு. ஏ.ஐ. எழுதிக் கொடுத்ததில் எது தப்பு என்று சொல்லத் தெரிந்தவளுக்குத்தான் இனி வேலை. அப்படிச் சொல்ல வேண்டுமானால், நூறு தடவை தானே தப்புச் செய்து திருத்தியிருக்க வேண்டும். கூடவே இன்னொரு துறையைக் கொஞ்சம் தெரிந்துகொள், மருத்துவமனை, விவசாயம், துறைமுகக் கணக்கு, எதுவானாலும் சரி. ஐ.ஐ.டி. மெட்ராஸ் 2020-லிருந்து தரவு அறிவியலை இணையவழியில் கற்றுத் தருகிறது. ஐ.ஐ.டி.யில் சேர வழக்கமாக எழுத வேண்டிய ஜே.இ.இ. நுழைவுத் தேர்வை எழுதாமலேயே, அவர்களே வைக்கும் தகுதித் தேர்வில் தேறிச் சேரலாம், வேறு கல்லூரியில் படித்துக்கொண்டே அதையும் படிக்கலாம். வீட்டில் பேசிப் பார்.

பேரன் குரலிலேயே போன் வந்தது, “தாத்தா, ஆக்ஸிடென்ட் ஆயிடுச்சு, உடனே நாற்பதாயிரம் அனுப்புங்க” என்று அழுதான். அனுப்பப்போகும் நேரத்தில் மருமகள் தடுத்தாள். பேரன் காலேஜில் வகுப்பில் இருந்தான். இது எப்படி முடியும்?
– ஓய்வு பெற்ற ஊழியர், திருச்சி

முடியும் ஐயா. சில விநாடிக் குரல் பதிவு கிடைத்தால் போதும், அதே குரலில் எதையும் பேசவைக்கும் மென்பொருள்கள் வந்துவிட்டன. பேரன் வெளியிட்ட ஒரு வீடியோவிலிருந்துகூட எடுத்திருக்கலாம். நீங்கள் ஏமாறப் பார்த்ததில் வெட்கப்பட ஒன்றுமில்லை. பேரன் அழுதால் பதறாத தாத்தா யார்? அந்தப் பாசத்தைத்தான் அவர்கள் குறிவைக்கிறார்கள்.

இன்று ராத்திரியே குடும்பத்தோடு உட்கார்ந்து ஒரு ரகசியச் சொல் வைத்துக்கொள்ளுங்கள், வீட்டில் முன்பு இருந்த மாட்டின் பெயர் மாதிரி, வெளியாள் யாருக்கும் தெரியாத ஒன்று. யார் அவசரம் என்று கூப்பிட்டாலும் அந்தச் சொல்லைக் கேளுங்கள். சொல்லாவிட்டால் வைத்துவிட்டு, உங்களிடம் ஏற்கெனவே இருக்கும் எண்ணுக்கு நீங்களே கூப்பிடுங்கள். வீடியோ காலில் போலீஸ் உடையோடு வந்து “உங்களை டிஜிட்டல் கைது செய்திருக்கிறோம், கேமராவை அணைக்கக் கூடாது” என்று மிரட்டுகிறார்களே, அப்படி ஒரு கைது நம் நாட்டுச் சட்டத்தில் எங்கேயும் கிடையாது, தயங்காமல் வைத்துவிடலாம். யு.பி.ஐ.யில் பணம் வாங்குவதற்கு பின் நம்பர் தேவையே இல்லை, கேட்டால் அது உங்கள் பணத்தை எடுக்கத்தான். ஒருவேளை பணம் போய்விட்டால், யாருக்குத் தெரியும் யாருக்குத் தெரியக்கூடாது என்று யோசித்துக்கொண்டிருக்காமல் உடனே சைபர் குற்ற உதவி எண் 1930-க்குக் கூப்பிடுங்கள். எவ்வளவு சீக்கிரம் சொல்கிறோமோ அந்த அளவுக்கு, பணம் அடுத்த கணக்குக்கு மாறும் முன் நிறுத்திவைக்க வாய்ப்பு இருக்கிறது. அந்த மருமகளுக்கு என் வணக்கத்தைச் சொல்லுங்கள்.

ஆங்கிலத்தில் கேட்டால் நன்றாகச் சொல்லும் ஏ.ஐ., தமிழில் கேட்டால் தடுமாறுகிறது. தமிழுக்கு என்ன குறை?
– தமிழாசிரியை, தஞ்சாவூர்

தமிழுக்கு ஒரு குறையும் இல்லை. தமிழில் படிக்கக் கொடுத்ததுதான் குறைவு. இணையத்தில் ஆங்கிலம் கடல் மாதிரி கிடக்கிறது, தமிழ் அவ்வளவு இல்லை. எழுத்தைக் கணினி வைத்துக்கொள்ளும் விதமும் ஒரு காரணம். ‘தமிழ்’ என்ற சொல்லில் நமக்கு மூன்று எழுத்து. யுனிகோடில் அது த, ம, இகரக் கொம்பு, ழ, புள்ளி என்று ஐந்து குறியீடு, வழக்கமான முறையில் சேமித்தால் 15 பைட். அதையே ஆங்கில எழுத்தில் எழுதினால் 5 பைட். ஏ.ஐ. சொற்களைத் துண்டு துண்டாக நறுக்கித்தான் படிக்கும், அந்த நறுக்கும் கத்தி பெரும்பாலும் ஆங்கிலத்துக்காகத் தீட்டியது. ‘படித்துக்கொண்டிருந்தவர்களுக்கு’ என்று நாம் ஒரே மூச்சில் சொல்வதை அது பல துண்டாக்கிக் கஷ்டப்படுகிறது. இரண்டு மூன்று வருடம் முன்பு இருந்ததற்கு இப்போது எவ்வளவோ தேவலை, ஆனாலும் இல்லாத குறளைக் கட்டிக் கொடுத்து அதிகார எண்ணும் போடுவதை என் கண்ணால் பார்த்தேன். குறள் 1330-ம் அச்சில் இருக்கிறது, குழந்தைகளை அதில் பார்க்கச் சொல்லுங்கள்.

ஒரு விஷயத்தை நன்றியோடு சொல்ல வேண்டும். 1998 பொங்கலில் தொடங்கிய மதுரைத் திட்டத்துக்காக உலகம் முழுக்க இருந்த தமிழர்கள், ஒரு பைசா வாங்காமல், ராத்திரி கண்விழித்துப் பழைய இலக்கியங்களைத் தட்டச்சு செய்து ஏற்றினார்கள். 2003-லிருந்து தமிழ் விக்கிப்பீடியாவில் கட்டுரை எழுதுகிறவர்களும் அப்படித்தான். இன்று இயந்திரத்துக்கு ஏதோ தமிழ் தெரிகிறது என்றால் இப்படிப்பட்ட உழைப்புக்கு அதில் பங்கு உண்டு. உங்கள் மாணவிகள் வருடத்துக்கு ஆளுக்கு ஒரு கட்டுரை, தங்கள் ஊரைப் பற்றி, ஆதாரத்தோடு விக்கிப்பீடியாவில் எழுதினால் என்ன? செய்யுங்கள் டீச்சர்.

மகள் படிக்கும் தனியார் பள்ளியில் இந்த வருடம் “ஏ.ஐ. வகுப்பறை” என்று கூடுதல் கட்டணம் கேட்கிறார்கள். கட்டாவிட்டால் பிள்ளை பின்தங்கிவிடுமா?
– ஒரு தந்தை, கோயம்புத்தூர்

கட்டும் முன் பள்ளிக்குப் போய் மூன்று கேள்வி கேளுங்கள். என் மகள் அதில் ஒரு வாரத்துக்கு எத்தனை நிமிடம் உட்காருவாள், அந்த நேரம் எந்தப் பாட நேரத்திலிருந்து எடுக்கப்படுகிறது? அவள் என்ன கற்றாள் என்பதை எந்த ஆசிரியர் பார்க்கிறார்? அவள் பெயர், மதிப்பெண், முகம், குரல் எல்லாம் எந்த நிறுவனத்துக்குப் போகிறது? 2023-ல் நிறைவேறிய டிஜிட்டல் தனிநபர் தரவுப் பாதுகாப்புச் சட்டம், 18 வயதுக்குக் கீழே உள்ளவர்களின் விவரங்களைக் கையாளப் பெற்றோரின் சம்மதம் வேண்டும் என்கிறது. அதனால் கேட்பதற்கு நீங்கள் கூச்சப்பட வேண்டியதில்லை. மூன்றுக்கும் தெளிவான பதில் வந்தால் யோசிக்கலாம். வராவிட்டால், அந்தப் பணத்துக்குப் புத்தகம் வாங்கிக் கொடுங்கள்.

பின்தங்கிவிடும் என்ற பயத்தைப் பற்றியும் சொல்கிறேன். திரையில் நம்மைவிடப் பல வருடம் முன்னால் போன ஸ்வீடன், 2023-ல் பள்ளிகளுக்கு அச்சுப் புத்தகம் வாங்கப் பணம் ஒதுக்கி, சின்னக் குழந்தைகள் கையால் எழுதட்டும் என்று திரும்பி வந்தது. நாம் அவ்வளவு தூரம் போக வேண்டாம். கொரோனாவில் நம் பள்ளிகள் 2020 மார்ச்சில் மூடியவை, ஒன்றிலிருந்து எட்டாம் வகுப்பு வரைக்கும் 2021 நவம்பர் 1-ல்தான் திறந்தன. அந்த ஒன்றரை வருடத்துக்கும் மேலாகக் கல்வித் தொலைக்காட்சி ஓடியது, பாடநூலில் கியூ.ஆர். கோடு இருந்தது, வசதியான வீட்டில் ஆன்லைன் வகுப்பும் இருந்தது. அவை இல்லாவிட்டால் இன்னும் மோசமாகியிருக்கும், அந்த உழைப்பை நான் குறைத்துச் சொல்லமாட்டேன். ஆனால் பள்ளி திறந்தபோது மூன்றாம் வகுப்புப் பிள்ளைக்கு எழுத்துக்கூட்டத் தெரியவில்லை. அதைச் சரிக்கட்ட அரசு என்ன செய்தது? இல்லம் தேடிக் கல்வி என்று, தெருவுக்குத் தெரு தன்னார்வலர்களைச் சாயந்திரத்தில் உட்காரவைத்தது. கோயில் திண்ணையிலும் வீட்டு வாசலிலும் பிள்ளையின் பக்கத்தில் ஒரு அக்கா உட்கார்ந்து, “இது என்ன எழுத்து, சொல்லு பார்க்கலாம்” என்று கேட்டாள். உங்கள் மகளின் பள்ளியில் அப்படிக் கேட்க ஆள் இருக்கிறதா என்று பாருங்கள். ஒரு வகுப்பில் எத்தனை பிள்ளைகள் என்பதும், ஆசிரியர்கள் வருடா வருடம் மாறிக்கொண்டே இருக்கிறார்களா என்பதும், ஏ.ஐ. வகுப்பறையைவிட முக்கியம்.

முதியோர் உதவித்தொகை நின்றுவிட்டது. பேத்தி ஏ.ஐ.யில் மனு எழுதித் தருகிறேன் என்கிறாள். அப்படிக் கொடுத்தால் ஏற்பார்களா?
– ஒரு பாட்டி (பேத்தி எழுதிய கடிதம்), விழுப்புரம் மாவட்டம்

தாராளமாக ஏற்பார்கள் பாட்டி. மனுவை யார் எழுதினார்கள் என்று யாரும் கேட்கப்போவதில்லை. கலெக்டர் ஆபீஸ் வாசலில் திங்கட்கிழமை குறைதீர்க்கும் நாளில் மனு எழுதுகிறவரிடம் பணம் கொடுத்து வரிசையில் நிற்பதற்கு, இது எவ்வளவோ மேல். இந்த விஷயத்தில் எனக்கு ஏ.ஐ. மேல் உண்மையாகவே மதிப்பு வந்திருக்கிறது. எழுதத் தெரியாததால் எத்தனை பேர் கேட்க வேண்டியதைக் கேட்காமலே விட்டிருக்கிறார்கள்!

பேத்திக்கு இரண்டு வார்த்தை. ஏ.ஐ. “மாண்புமிகு”, “தாழ்மையுடன்” என்று அரைப் பக்கம் அடுக்கும், அதை வெட்டிவிடு. எந்த மாதத்திலிருந்து பணம் வரவில்லை, அதற்கு முன் எந்த வங்கிக் கணக்கில் வந்துகொண்டிருந்தது, யாரிடம் எந்தத் தேதியில் ஏற்கெனவே கேட்டீர்கள், இந்த மூன்றும் முதல் ஐந்து வரிக்குள் இருக்க வேண்டும். ஆதார் எண்ணையும் வங்கிக் கணக்கு எண்ணையும் ஏ.ஐ.யில் தட்டாதே, அந்த இடத்தைக் காலியாக விட்டு, அச்செடுத்த பிறகு பேனாவால் எழுது. பாட்டிக்கு ஒரு தடவை வாசித்துக் காட்டிவிட்டு அப்புறம் கைநாட்டோ கையெழுத்தோ வாங்கு. கொடுத்ததற்கு ரசீது வாங்காமல் வராதே.

எனக்கு 71 வயது. ஐம்பது வருடம் தறியில் உட்கார்ந்தவன். மகன் புது போன் வாங்கிக் கொடுத்து “இதுல என்ன வேணா கேளுங்கப்பா” என்கிறான். எனக்குத் தட்டத் தெரியாது. என்ன கேட்பது என்றும் தெரியவில்லை.
– பட்டு நெசவாளர், காஞ்சிபுரம்

தட்ட வேண்டாம் ஐயா. திரையில் மைக் படம் ஒன்று இருக்கும், அதைத் தொட்டுவிட்டு, மகனிடம் பேசுகிற மாதிரி தமிழிலேயே பேசுங்கள். எழுத்து சின்னதாக இருந்தால் பதிலை வாசித்துக் காட்டச் சொல்லலாம், அதற்கும் ஒரு பட்டன் உண்டு, மகன் காட்டித் தருவார்.

முதலில் உங்களுக்குத் தெரியாததைக் கேட்காதீர்கள், நன்றாகத் தெரிந்ததைக் கேளுங்கள். கோர்வைப் புடவையில் கரையையும் உடலையும் எப்படிச் சேர்ப்பார்கள், அதற்கு எத்தனை நாடா ஓட வேண்டும், பக்கத்தில் இன்னொரு ஆள் எதற்கு உட்கார வேண்டும் என்று கேளுங்கள். கொஞ்சம் சரியாகச் சொல்லும், கொஞ்சம் உளறும். எந்த இடத்தில் உளறுகிறது என்று உங்களுக்கு உடனே தெரியும். தெரியாத விஷயத்தைக் கேட்கும்போது அதை எவ்வளவு நம்பலாம் என்ற அளவு அதிலிருந்து உங்களுக்குக் கிடைத்துவிடும். அது சொன்ன பதிலையும், நீங்கள் பிடித்த தப்பையும் மகனை எழுதச் சொல்லி எனக்கு அனுப்புங்கள். அடுத்த இதழில் போடுகிறேன்.